தார் எல்எக்ஸ்: எந்த வேரியன்ட், எந்த மாற்றம், விற்கும்போது எது காசாகும்

வத்தலக்குண்டு தாண்டி, சித்தரேவில் மலையேறத் தொடங்கினால் பெரும்பாறை, தடியன்குடிசை வழியாகத் தாண்டிக்குடி வரை ரோட்டைக் குறை சொல்ல முடியாது. சிக்கல் எல்லாம் மெயின் ரோட்டை விட்டுத் தோட்டத்துக்கு இறங்கும் மண்பாதையில்தான். காப்பி, மிளகு, மலைவாழை மூன்றும் அந்தப் பாதை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் குழைந்து, அடியில் கிடக்கும் கூர்கற்கள் மேலே வந்துவிடும். சாதாரண ஜீப் கூட அங்கே பக்கவாட்டில் சறுக்கும். அதற்காகத்தான் ஒரு 4×4, அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் மஹிந்திரா தார் வாங்கினோம். ஆறேழு வருஷம் ஓட்டிவிட்டு நல்ல விலைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் ஆரம்பத்திலேயே கணக்கில் இருந்தது. வீட்டுக் காசில் பெரிய பங்கு வண்டிக்குப் போகும்போது அதை யோசிக்காமல் இருக்க முடியாது.

வேரியன்ட் (ஒரே மாடலில் வசதிக்கேற்ற வகை) தேர்வில் நான் வைத்துக்கொண்ட ஒரே கேள்வி: இந்த வசதியை நாளைக்கு வெளியே பட்டறையில் போட்டுக்கொள்ள முடியுமா, முடியாதா? முடியும் என்றால் அதற்குக் கம்பெனியிடம் காசு கொடுக்கத் தேவையில்லை. முடியாது என்றால் கொஞ்சம் கை இழுத்தாலும் கம்பெனி போட்டதையே வாங்கிவிட வேண்டும். டச் ஸ்கிரீன், ஸ்பீக்கர், சீட் கவர், அலாய் எல்லாம் முதல் வகை. 4×4, லோ ரேஞ்ச் (மெதுவாகப் போகும்போது அதிக இழுவை தரும் கியர்), பின் டிஃபரன்ஷியல் லாக் (ஒரு பின் சக்கரம் சும்மா சுற்றினால் இழுவையை மற்றதுக்குக் கொடுப்பது), இஎஸ்பி (வண்டி சறுக்கினால் தானே பிரேக் பிடித்து நேராக்குவது), ஏர்பேக் எல்லாம் இரண்டாவது வகை. இவற்றை எந்தப் பட்டறையிலும் போட்டுத் தர மாட்டார்கள். போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே வண்டியை விடவே கூடாது.

மூன்று கதவு தாரின் இரண்டாம் தலைமுறை 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்தது. அதில் ஏஎக்ஸ் ஆப்ஷனல், எல்எக்ஸ் என்று இரண்டு வரிசைதான் பெரும்பாலும் கண்ணில் படும். ஏஎக்ஸ் ஆப்ஷனலுக்கு 16 அங்குல ஸ்டீல் ரிம், எல்எக்ஸுக்கு 18 அங்குல அலாய். பார்வைக்குத் தெரியும் வித்தியாசம் அதுதான். ஆனால் எல்எக்ஸில் இஎஸ்பி, மேட்டில் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட், இறக்கத்தில் தானே பிரேக் பிடித்து இறக்கும் ஹில் டிசென்ட், டயர் காற்றழுத்தம் காட்டும் வசதி எல்லாம் சேர்ந்து வருகின்றன. மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் இஎஸ்பி இருக்கும் வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் உள்ள வித்தியாசம் ஓட்டியவர்களுக்குத் தெரியும். எனக்கு எல்எக்ஸ்தான் என்று முடிவானது அந்த ஒரு காரணத்துக்காக. டச் ஸ்கிரீனை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

2023 ஜனவரியில் பின்சக்கர ஓட்டம் மட்டும் உள்ள தார் வந்தது. டீசலில் 1.5 லிட்டர், பெட்ரோலில் அதே 2 லிட்டர் ஆட்டோமேட்டிக். ஆரம்ப விலை குறைவு என்பதால் ஊரில் நிறைய விற்றது. வெளியிலிருந்து பார்த்தால் 4×4 போலவே இருக்கும். டவுனில் ஓட்ட நல்ல வண்டி. ஆனால் அதை வாங்கிவிட்டுப் பிறகு 4×4 ஆக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது நினைத்தால், அது நடக்காத காரியம். டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி), முன் டிஃபரன்ஷியல், முன் ஆக்சில் எல்லாம் புதிதாக வைக்க வேண்டும். செலவு ஒரு பக்கம், ஆர்சி புக்கில் உள்ள வண்டி வேறு, கையில் உள்ள வண்டி வேறு என்று ஆகிவிடும் என்பது இன்னொரு பக்கம்.

டிஃபரன்ஷியல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வண்டி விற்பவர்களில் பாதிப்பேருக்கு தங்கள் வண்டியில் எது இருக்கிறது என்றே தெரியவில்லை. 2023 மாற்றத்தின்போது எல்எக்ஸ் 4×4-க்கு பிரேக் மூலம் வேலை செய்யும் லாக் வழக்கமாக வந்தது. கியர் வழியாகப் பூட்டும் மெக்கானிக்கல் லாக் எல்எக்ஸ் டீசலுக்கு மட்டும், கூடுதல் காசு கொடுத்தால் கிடைக்கும் என்று ஆனது. இரண்டும் ஒன்றல்ல. பிரேக் லாக், சும்மா சுற்றும் சக்கரத்தைப் பிரேக் போட்டுப் பிடித்து, இழுவையை மறுபக்கம் தள்ளும். வேலை செய்யும், ஆனால் ஆக்சிலேட்டரை விடாமல் மிதிக்க வேண்டும். நீண்ட ஏற்றத்தில் பிரேக் சூடேறும். மெக்கானிக்கல் லாக், பின் சக்கரங்கள் இரண்டின் சுழற்சி வித்தியாசம் நிமிஷத்துக்கு நூறு சுற்றைத் தாண்டியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும். வேகம் கூடினால் பூட்டாது. பட்டனும் இல்லை, லீவரும் இல்லை.

இருக்கிறதா என்று சோதிக்கச் சுலபமான வழி, வண்டியைக் கோணலாக ஒரு பள்ளத்தில் இறக்கி ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் நிற்கும்படி வைப்பது. டூ வீலிலேயே மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்தால், தூக்கிய சக்கரம் ஒரு கணம் சுற்றும், பின்னால் "டக்" என்று ஒரு சத்தம், உடனே வண்டி நகரும். அது மெக்கானிக்கல் லாக். "கர்ர் கர்ர்" என்று பிரேக் பிடித்து விடும் சத்தத்தோடு தயங்கித் தயங்கி நகர்ந்தால் அது பிரேக் லாக். நான் பார்த்த வண்டிகளில் ஒன்றை விற்பவர், "லாக் எல்லாம் இருக்கு சார், ஃபுல் ஆப்ஷன்" என்று அடித்துச் சொன்னார். பள்ளத்தில் இறக்கினால் கர்ர் என்றது. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டது அப்படி. வாங்கும்போது கொடுத்த இன்வாய்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் சந்தேகமே இருக்காது.

புது வண்டியா பழசா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் வரியே பாதிப் பதில் சொல்லிவிடுகிறது. 2023 நவம்பரில் ஆயுட்கால வரியை உயர்த்திய பிறகு, பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை உள்ள காருக்கு 18 சதவீதம். அதற்கு முன் 15. அதாவது மேல் வேரியன்ட்டுக்கு ஒரு லட்சம் கூடுதல் என்றால், ஆர்டிஓவில் இன்னொரு 18,000 சேர்கிறது. இன்சூரன்ஸும் கூடும். விற்கும்போது வாங்குபவர் வேரியன்ட்டுக்குக் காசு கொடுப்பார், நீங்கள் கட்டிய வரியில் சல்லிக்காசு தரமாட்டார். முதல் உரிமையாளர் தலையில் விழுந்த அந்த வரியைப் பழைய வண்டி வாங்குபவர் தப்பித்துவிடுகிறார். ஆனால் தமிழ்நாட்டுப் பதிவாக இருக்க வேண்டும். வேறு மாநில வண்டி என்றால் அங்கே என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வயதுக்கேற்ற வரியைத் திரும்பக் கட்ட வேண்டும். டெல்லிப் பக்கம் டீசல் வண்டிக்குப் பத்து வருஷக் கட்டுப்பாடு கொண்டுவந்ததிலிருந்து அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே வருகின்றன. வரியும் லாரி வாடகையும் என்ஓசி அலைச்சலும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் 2025 செப்டம்பர் 22 ஜிஎஸ்டி மாற்றம். நாலு மீட்டருக்குள், 1500 சிசிக்குள் உள்ள டீசல் வண்டிக்கு வரி 31 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. தாரின் நீளம் 3985 மில்லிமீட்டர்தான் என்பதால் 1.5 லிட்டர் டீசல் அந்தக் கணக்கில் வந்துவிட்டது. 2.2 லிட்டர் 4×4-க்கு 40 சதவீதம் வரைதான் இறங்கியது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் கூடவே இறங்கும். பின்சக்கர டீசல் தாரை அதற்கு முந்தைய விலையில் வாங்கியவர்களுக்கு இது வலித்திருக்கும். 4×4 வைத்திருந்தவர்களுக்கு அடி கொஞ்சம் குறைவு. வாங்கும் நேரத்தில் பேரம் பேச எனக்கு இது உதவியது.

இரண்டு வண்டிகளை முழுதாகப் பரிசோதித்தேன். முதலாவது கோயம்புத்தூரில். பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கும். நாலு அங்குலம் உயர்த்தியிருந்தார்கள், பெரிய மட் டயர், இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிச் சுருள்), ஸ்நார்க்கல் (தண்ணீரில் இறங்கும்போது இன்ஜினுக்கு மேலிருந்து காற்று எடுக்கும் குழாய்), கூரை முழுக்க லைட். விற்பவர் ஒவ்வொன்றுக்கும் பில் வைத்திருந்தார், அதையெல்லாம் விலையில் சேர்த்துக் கேட்டார். அவர் ஆசையாகச் செய்தது, உழைப்பும் தெரிந்தது. ஆனால் ஸ்நார்க்கலுக்காக வலது ஃபெண்டரை வெட்டியிருந்தார்கள், கூரையில் லைட்டுக்காகத் துளை போட்டிருந்தார்கள். இந்த இரண்டையும் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. இன்னொரு விஷயம், தாரின் முன்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். அதை அதிகமாக உயர்த்தினால் முன் ஆக்சில் ஷாஃப்ட் செங்குத்தாகச் சாய்ந்து, ஜாயின்ட்டும் அதன் ரப்பர் பூட்டும் சீக்கிரம் போய்விடும். குனிந்து பார்த்தேன், இடது பூட் கிழிந்து கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கம் முழுக்கத் தெறித்திருந்தது. கைகுலுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

சட்டமும் இதில் பேசுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று இருக்கிறது. புல் பார், கிராஷ் கார்டு எனப்படும் முன்பக்க இரும்புத் தடுப்புகளின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. போலீஸ் பிடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். முன்னால் கனமான இரும்பு பம்பரைப் பூட்டினால், மோதலில் நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய பகுதி நசுங்காமல் போகும், ஏர்பேக் விரியும் நேரமும் மாறலாம். தார் 2020-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது கம்பெனி பம்பரோடுதான்.

இரண்டாவது வண்டி மதுரையில். 2023 எல்எக்ஸ் டீசல் மேனுவல், ஹார்ட் டாப் (கெட்டிக் கூரை), கருப்பு. இன்வாய்ஸில் மெக்கானிக்கல் லாக் இருந்தது, பள்ளத்தில் "டக்" என்றும் சொன்னது. சர்வீஸ் பதிவு முழுசாக இருந்தது. கூடுதலாகப் போட்டிருந்தது ஒரு லைட் பார், ஒரு ஏர் ஹாரன், பின்னால் ஒரு ஊஃபர் பெட்டி. பாடியில் எங்கும் வெட்டு இல்லை. சாஃப்ட் டாப் என்ற துணிக் கூரை வண்டியும் பார்த்திருந்தேன், விலை குறைவு, ஆனால் மலை மழைக்கும் குரங்குக்கும் அது ஆகாது. நான் பேசிய புரோக்கர்கள் எல்லோரும் ஹார்ட் டாப், டீசல், கருப்பு அல்லது சிவப்பு என்றால் ஒரு வாரம் கூட நிற்காது என்றார்கள். அதையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, லைட் பாரைக் கழற்றுவது. வாங்கும்போதே ஒன்று கவனித்திருந்தேன்: ஹை பீம் போட்டால் இடது ஹெட்லைட் வலதை விட மங்கலாக எரிந்தது. பேட்டரி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். இடது ஹெட்லைட் சாக்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கம்பெனி ஒயரின் தோலைச் சீவி, லைட் பார் ஒயரை அதில் முறுக்கி, மேலே கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். இன்ஜின் சூட்டில் டேப் பசை உருகி வழிந்து தூசி அப்பியிருந்தது. டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சைக் களிம்பு ஏறிப் பாதி நரம்புகள் அறுந்து கிடந்தன. மிச்சமிருந்த நாலைந்து நரம்பு வழியாகத்தான் ஹெட்லைட்டும் லைட் பாரும் சேர்ந்து கரண்ட் இழுத்துக்கொண்டிருந்தன. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால், அடிக்கடி போகிறது என்று அந்த இடத்தில் பெரிய ஃபியூஸைச் சொருகியிருந்தார்கள். மூடியில் எழுதியிருக்கும் அளவு ஒயரின் தாங்கும் சக்திக்கு ஏற்ப வைத்தது. பெரிய ஃபியூஸ் போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் எரியும். வண்டி தீப்பிடித்தது என்று செய்தி வரும்போதெல்லாம் இந்த மாதிரி ஒரு முறுக்கு எங்காவது இருக்குமோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

களிம்பு ஏறிய பகுதியை இரண்டு பக்கமும் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி எறிந்தேன். அதே கனமுள்ள ஒரு துண்டு ஒயர் வைத்து, கிரிம்ப் ஸ்லீவ் போட்டு அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை மேலே இழுத்துச் சூடு காட்டினேன். குழாயின் இரண்டு ஓரத்திலும் பசை கொஞ்சம் பிதுங்கி வர வேண்டும், அப்போதுதான் ஈரம் உள்ளே போகாது. அதன் மேல் கம்பெனி சுற்றியிருந்த மாதிரியே துணி டேப். ஃபியூஸை மூடியில் உள்ள அளவுக்கே திரும்ப மாற்றினேன். ஹாரனுக்கும் ஊஃபருக்கும் இதே மாதிரி இருந்த இரண்டு முறுக்குகளையும் சரிசெய்த பிறகுதான் தூக்கம் வந்தது. இரண்டு ஹெட்லைட்டும் இப்போது ஒரே மாதிரி எரிகின்றன.

தோட்டத்தில் இருட்டிய பிறகு கூடுதல் வெளிச்சம் வேண்டியிருக்கிறது என்பது உண்மை. அதனால் லைட் பாருக்குப் பதில் 40 வாட்ஸ் விளக்கு இரண்டை, பம்பரில் ஏற்கெனவே இருந்த போல்ட்டில் பிராக்கெட் வைத்து மாட்டினேன். மொத்தம் 80 வாட்ஸ், 12 வோல்ட்டால் வகுத்தால் ஏழு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. 10 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 ஸ்கொயர் ஒயர் போதும். பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) 30-ஆம் முனை. 87-லிருந்து விளக்குகள். 85 சேசிஸுக்கு. 86 உள்ளே டேஷ்போர்டு சுவிட்சுக்கு. சுவிட்சுக்கு வேண்டிய சின்ன கரண்டை ஃபியூஸ் பெட்டியில் சொருகும் இரட்டை ஃபியூஸ் ஹோல்டர் மூலம் எடுத்தேன். கம்பெனி ஒயரில் ஒரு கீறல் கூட இல்லை. விற்கிற அன்றைக்கு இரண்டு போல்ட், நாலு சாக்கெட் கழற்றினால் வண்டி ஷோரூம் நிலைக்குத் திரும்பிவிடும். மெயின் ரோட்டில் அந்த விளக்குகளுக்கு உறை போட்டே வைக்கிறேன், எதிரே பஸ் ஓட்டி வருபவர் கண்ணைக் கூச வைத்துவிட்டு அந்த வளைவுகளில் நாம் நிம்மதியாகப் போக முடியாது.

அடுத்தது டயர். இங்கேதான் ஏஎக்ஸ் வேரியன்ட் எனக்கு உதவியது. எல்எக்ஸின் 255/65 ஆர்18 டயரின் பக்கச்சுவர் உயரம் 166 மில்லிமீட்டர். ஏஎக்ஸின் 245/75 ஆர்16 டயருக்கு 184. அந்தக் கூடுதல் 18 மில்லிமீட்டர் ரப்பர் கூர்கல் பாதையில் பெரிய விஷயம். காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் நன்றாகப் பரந்து கல்லை அணைத்துக்கொள்ளும், ரிம் அடிபடாது. ஸ்டீல் ரிம் வளைந்தால் தட்டி எடுக்கலாம், அலாய் விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். அதே மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த அளவு என்பதால் இன்சூரன்ஸ்காரரோ ஆர்டிஓவோ கேட்டால் பதில் கையில் இருக்கிறது. ஏஎக்ஸ் வாங்கி அலாய் போட்ட ஒருவரிடமிருந்து ஐந்து ஸ்டீல் ரிம்மும் கிடைத்தன. ரோட்டுக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் ஐந்து புதிதாக வாங்கினேன். ஸ்டெப்னியும் அதே அளவில் இருப்பது 4×4 வண்டிக்குக் கட்டாயம். நாலு சக்கரச் சுற்றளவும் ஒன்றாக இல்லாவிட்டால் ஃபோர் ஹையில் (நாலு சக்கரமும் சாதாரண கியரில் இழுக்கும் நிலை) டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறும்.

இதில் விட்டுக்கொடுக்க வேண்டியதும் உண்டு. டயரின் மொத்த விட்டம் 789 மில்லிமீட்டரிலிருந்து 774-க்குக் குறைகிறது. தரை இடைவெளி அதில் பாதி, ஏழு மில்லிமீட்டர் போகும். கம்பெனி எல்எக்ஸுக்கு 226, ஏஎக்ஸுக்கு 219 என்று போட்டிருப்பது அந்தக் கணக்குத்தான். ஸ்பீடோமீட்டர் சுமார் இரண்டு சதவீதம் கூடுதலாகக் காட்டும், 80 என்று காட்டினால் உண்மையில் 78.5. கிலோமீட்டரும் அதே விகிதத்தில் கூடுதலாக ஏறும். காற்றழுத்த சென்சார்கள் அலாய் வீலுக்குள் இருப்பதால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஸ்டீல் ரிம்முக்குத் தனி சென்சார் வாங்கி சர்வீஸ் சென்டரில் பதிய வைக்க வேண்டும். சென்சார் வாங்கிப் போட்டுவிட்டேன். பழைய அலாய் நாலும் அதன் டயர்களோடு பழைய பெட்ஷீட் சுற்றி காப்பிக் கிடங்குப் பரணில் இருக்கின்றன. எல்எக்ஸ் வாங்க வருபவர் முதலில் பார்ப்பது அந்த அலாயைத்தான். அது கீறலில்லாமல் இருந்தால் போதும்.

அடிப்பாகத்துக்கு இன்ஜின் முதல் டிரான்ஸ்ஃபர் கேஸ் வரை இரும்புத் தகடும், டீசல் டேங்குக்கு ஒரு தகடும் பூட்டினோம். சேசிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் மட்டும், வெல்டிங் கிடையாது. இதைப் பட்டறை அண்ணனிடம் இரண்டு தடவை சொன்னேன். "வெல்டு வெச்சா ஆடாது தம்பி" என்றார். ஆடாது, ஆனால் சேசிஸில் வெல்டிங் தழும்பைப் பார்க்கும் எந்த வாங்குபவரும் ஆக்சிடென்ட் வண்டி என்றுதான் நினைப்பார், அவரை எத்தனை சமாதானம் சொன்னாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அண்ணனுக்கும் அது புரிந்தது. ஆயில் டிரெய்ன் போல்ட்டுக்கு நேராகத் தகட்டில் ஒரு துளை விடச் சொன்னேன், இல்லாவிட்டால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தகட்டைக் கழற்ற வேண்டும். மழைக்காலம் முழுக்க அந்தத் தகட்டில் கல் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கழற்றிப் பார்த்தபோது டேங்குத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சொட்டை. டேங்கில் ஒரு கீறல் இல்லை.

ஸ்நார்க்கல் போடவில்லை. தாரின் தண்ணீர் தாங்கும் ஆழம் 650 மில்லிமீட்டர், அது முழங்காலுக்கு மேலே. எங்கள் ஓடையில் அதற்கு மேல் தண்ணீர் ஓடினால் வண்டியை இறக்கவே கூடாது, கரையில் காத்திருக்க வேண்டும். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டும் போடவில்லை. மோட்டார் வின்ச்சுக்குப் பதில் கையால் இழுக்கும் வின்ச் ஒன்று, அகலப் பட்டை, நல்ல ஷேக்கிள் (பட்டையை மாட்டும் இரும்பு வளையம்) இரண்டு, பேட்டரியில் மாட்டும் காற்று பம்ப். எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கும், வண்டி மாறினாலும் நம்மோடு வரும். விளக்கு, தகடு இரண்டையும் இன்சூரன்ஸில் சொல்லிவிட்டேன். மின்சாதனங்களுக்கு அதன் மதிப்பில் நாலு சதவீதம் கூடுதல் பிரீமியம். பெரிய தொகை இல்லை, க்ளெய்ம் நேரத்தில் வாய் பேச வேண்டியிருக்காது.

என் மைத்துனர் மாருதி ஜிம்னி வாங்கப் போகிறார், எந்த வேரியன்ட் என்று கேட்டார். அவருக்கு நான் சொன்னது தாருக்கு நேர் எதிர். ஜிம்னியில் ஜீட்டா, ஆல்பா இரண்டிலும் 4×4, லோ ரேஞ்ச், பிரேக் லாக், இஎஸ்பி, ஆறு ஏர்பேக் எல்லாம் ஒன்றுதான். ஆல்பாவில் கூடுதலாக வருவது அலாய், பெரிய ஸ்கிரீன், எல்இடி ஹெட்லைட், க்ரூஸ் கண்ட்ரோல். அவருக்குத் தோட்டத்து வேலைதான் என்றால் ஜீட்டா எடுத்துவிட்டு மிச்சக் காசில் நல்ல டயர் போடலாம். டவுனில் விற்க நினைத்தால் ஆல்பா சீக்கிரம் போகும். ஆனால் 134 நியூட்டன் மீட்டர் இழுவைதான், நாலு பேரோடு மிளகு மூட்டையும் ஏற்றி ஏறும்போது தாரின் 300-ஐ அதில் எதிர்பார்க்கக் கூடாது. வண்டியே 1,200 கிலோதான் என்பதால் சேற்றில் அது மிதந்து போவதையும் பார்த்திருக்கிறேன். ஃபோர்ஸ் கம்பெனியின் கூர்க்காவையும் அவர் கேட்டார். முன், பின் இரண்டுக்கும் கையால் போடும் லாக், ஸ்நார்க்கல் எல்லாம் கம்பெனியிலிருந்தே வரும் என்பதால் சட்டச் சிக்கல் இல்லாமல் கிடைக்கும் ஒரே வண்டி அதுதான். ஆனால் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொன்னேன். வாங்குபவரும் அதையே பார்ப்பார்.

இப்போதைக்கு மீதம் இருப்பது இரண்டு வேலை. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலும் பின் டிஃபரன்ஷியல் ஆயிலும் இந்த மழைக்கு ஓடைத் தண்ணீரில் நின்றதால் மாற்ற வேண்டும். வடித்த ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம், அப்போது ஆக்சிலுக்குக் காற்று போய்வரும் பிரீதர் குழாயை மேலே உயர்த்திக் கட்ட வேண்டியிருக்கும். பின் கதவின் கீல்களையும் பார்க்க வேண்டும். ஆல் டெரெய்ன் ஸ்டெப்னி கம்பெனி டயரை விடக் கனம், கல் பாதையில் கதவு லேசாகக் கிறீச்சிடத் தொடங்கியிருக்கிறது.